ஏத்தத்தைப் பிடி: சென்னைக்காரருக்கு 'உக்காலோ லாக்னு'

நேபாளத்துக்கு மலை நடை போகிறவர்கள் சென்னையிலிருந்தே இரண்டு சொற்களைக் கையோடு கொண்டுபோகிறார்கள். ஒன்று நமஸ்தே. இன்னொன்று 'பிஸ்தாரை பிஸ்தாரை', அதாவது மெள்ள மெள்ள. மூன்றாவது சொல் முதல் நாள் நடையில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்: 'உக்காலோ'. ஏற்றம். இறக்கத்துக்கு 'ஒராலோ'. இரண்டையும் சேர்த்து 'உக்காலோ ஒராலோ' என்றால் நம்ம மேடு பள்ளம்தான். பாதைக்கும் சொல்வார்கள், வாழ்க்கைக்கும் சொல்வார்கள்.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வழியில் யாரையாவது பார்த்தால் 'உக்காலோ?' என்று கேட்பது, அவர் 'உக்காலோ, உக்காலோ' என்று தலையாட்டுவது, அவ்வளவுதான் பேச்சு. அந்தச் சொல் தனியாக வாழ்வதில்லை. அதற்குப் பக்கத்திலேயே ஒரு வினைச்சொல் இருக்கிறது: 'லாக்னு'. மலைப்பாதையில் தேவைப்படுகிற பேச்சில் பாதி இந்த ஒரு வினையில் தொங்குகிறது. தமிழ்க்காரருக்கு இது இங்கிலீஷ்காரரை விடச் சுலபமாக வரவேண்டியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் வாய்.

தமிழ் எழுத்தில் நேபாளியை எழுதி வைத்துக்கொண்டு படித்தால் மாட்டிக்கொள்வோம். நம்ம 'க' சொல்லின் நடுவில் தனியாக வந்தால் மெலிந்துபோகும். 'உகாலோ' என்று எழுதினால் 'உஹாலோ' என்றுதான் நாக்கு போகும், அது யாருக்கும் புரியாது. அதனால்தான் இங்கே 'உக்காலோ' என்று இரட்டித்து எழுதியிருக்கிறேன். 'பக்கம்' என்பதில் வரும் வல்லின ஒலி வேண்டும், ஆனால் அந்த அழுத்தம் வேண்டாம். ஒற்றைக் 'க்'காகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். 'லோ' வெறும் ல, மடக்கிய ள இல்லை.

அதே விதிதான் 'கத்தி'க்கும் 'மாத்தி'க்கும். 'கத்தி' என்றால் எத்தனை, எவ்வளவு. 'மாத்தி' என்றால் மேலே. இரண்டிலும் நடுவில் வருவது 'த்', ஆனால் நாம் கத்தியைச் சொல்கிற அழுத்தம் இல்லாமல். 'மாத்தி'யில் கொஞ்சம் காற்றும் சேர்த்து ஊத வேண்டும். ஊதாவிட்டாலும் இடத்தை வைத்துப் புரிந்துகொள்வார்கள். கீழே என்பதற்குச் சொல் 'தல'. ஆமாம், அப்படியே தல. சென்னையில் தல என்றால் எல்லோருக்கும் மேலே, நேபாளத்தில் எல்லாவற்றுக்கும் கீழே. ஒருமுறை சிரித்துவிட்டால் மறக்காது.

இன்னொரு பொறி 'ச'. நேபாளியில் 'ச' என்ற ஒற்றை எழுத்தே ஒரு முழு வினை. 'இருக்கு' என்று பொருள். 'உக்காலோ ச' என்றால் ஏத்தம் இருக்கு. இந்த 'ச'வை 'சாப்பாடு' மாதிரி ஸகரமாகச் சொன்னால் கெட்டது. 'பச்சை'யில் வரும் ச்ச-வின் ஒலி வேண்டும், கொஞ்சம் மூச்சோடு. இந்தக் கட்டுரையில் 'லாக்ச', 'சகின்ச' என்று வருகிற இடங்களிலெல்லாம் கடைசி ச அதுதான். 'லாக்னு'விலும், பின்னால் வருகிற 'புக்ன', 'புக்யோ' இரண்டிலும் வரும் 'க்' மட்டும் விதிவிலக்கு. அது 'அங்கே' என்பதில் கேட்கிற மெல்லிய ஒலி. 'பிஸ்தாரை'யின் ப, பஸ் என்று சொல்லும்போது வருகிற ப.

கூப்பிடுகிற சொல்லில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். அண்ணனுக்கு 'தாய்'. எழுத்தில் பார்த்தால் அம்மா. ஒலியில் முதலெழுத்து 'இந்த' என்பதில் வரும் மெல்லிய த. அதை ட ஆக்கிவிட்டால் 'டாய்' என்று ஆகி, நம் காதுக்கே வம்பிழுப்பது போல இருக்கும். அக்காவுக்கு 'தீதி', தம்பிக்கு 'பாய்', தங்கைக்கு 'பஹினி'. வயதைக் குத்துமதிப்பாகப் பார்த்து, பெரியவராகத் தெரிந்தால் 'தாய்', 'தீதி' என்று ஏற்றியே கூப்பிடுவது நம்ம ஊர் மாதிரியே மரியாதை. கூர்க்கா என்று கூப்பிடுகிற சென்னைப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். நம்ம '-ங்க' சேர்வது போல அவர்கள் வினையில் '-னுஸ்' சேரும். 'ஜானுஸ்' போங்க, 'பஸ்னுஸ்' உட்காருங்க. 'பிஸ்தாரை ஜானுஸ் ஹை' என்று வழியனுப்பினால் 'மெதுவாப் போங்க, என்ன' என்று அர்த்தம். பள்ளிக்கூட இந்தி கற்றவர்கள் அந்த 'ஹை'யை இந்தி 'ஹை' என்று நினைத்துக் குழம்புவார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே அது சொன்னதைக் கொஞ்சம் மென்மையாக்குகிற அசை, அவ்வளவே.

இனி லாக்னு.

அகராதியைப் பிரித்தால் இந்த வினைக்குப் பொருள் பத்துப் பதினைந்து வரும். ஒட்டு, படு, தொடங்கு, ஆகு, தோன்று என்று போகும். பயந்துவிடுவோம். தமிழில் 'பிடி' என்ற வினையை நினைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சளி பிடித்தது. துரு பிடித்தது. பேய் பிடித்தது. இரண்டு மணி நேரம் பிடிக்கும். ரோட்டைப் பிடித்துப் போ. ஒரே சொல், வேலை மட்டும் வேறு வேறு. 'லாக்னு' அப்படித்தான். 'ருகா லாக்யோ' என்றால் சளி பிடித்தது. 'துயி கண்ட்டா லாக்ச' என்றால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். 'உக்காலோ லாக்னு' என்றால் ஏத்தத்தைப் பிடிப்பது, அதாவது ஏற்றத்தில் காலை வைத்துக் கிளம்புவது.

'போலி கத்தி பஜே உக்காலோ லாக்னே?' நாளைக்கு எத்தனை மணிக்கு ஏத்தத்தைப் பிடிக்கிறது? வழிகாட்டியிடம் முந்தின ராத்திரியே கேட்க வேண்டிய கேள்வி இது. சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசையிலேயே நிற்கிறது, பாருங்கள். 'போலி' நாளைக்கு, 'கத்தி பஜே' எத்தனை மணிக்கு, 'உக்காலோ லாக்னே' ஏத்தத்தைப் பிடிக்கிறது. வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். நம்ம '-றது' போலவே அந்த '-னே'யும் யார் என்று சொல்லாமல் எதிர்காலத்தைப் பொதுவாகச் சொல்லிவிடும். (பதில் ஆறு மணி என்று வந்தால், கைக்கடிகாரத்தை நேபாள நேரத்துக்கு மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே நம்மை விட 15 நிமிடம் முன்னால்.)

'கோரேபானி புக்ன கத்தி கண்ட்டா லாக்ச?' கோரேபானி என்ற மலைக்கிராமத்துக்குப் போய்ச்சேர எத்தனை மணி நேரம் பிடிக்கும்? 'கண்ட்டா' என்று ட்-ஐ அழுத்தியதற்குக் காரணம் உண்டு. தமிழில் ண்ட என்று எழுதினால் 'வண்டி' மாதிரி மெலியும். நேபாளியில் மணி நேரத்துக்கான சொல்லில் அது மெலியக்கூடாது.

மனுஷனுக்கு ஆகிறதெல்லாம் இதே வினைதான். 'மலாய்' என்றால் எனக்கு. 'மலாய் தக்காய் லாக்யோ', எனக்கு அசந்துபோச்சு. 'போக் லாக்யோ' பசி, 'திர்க்கா லாக்யோ' தாகம், 'ஜாடோ லாக்யோ' குளிர், 'நித்ரா லாக்யோ' தூக்கம். 'எனக்குப் பசிக்குது' என்று நான்காம் வேற்றுமையில் ஆரம்பிக்கிற பழக்கம் நமக்குப் பிறவியிலேயே உண்டு. இங்கிலீஷ் வழியாகக் கற்பவர்களோ 'நான்' என்று தொடங்கி வாக்கியத்தைக் குலைத்துக்கொள்வார்கள். நமக்கு வருகிற தப்பு வேறு, காலத்தில் வரும். 'பசிக்குது' நிகழ்காலமாயிற்றே என்று 'போக் லாக்ச' என்று சொல்லிவிடுவோம். அது 'பசிக்கும்' என்ற பொதுவான கூற்று. இப்போது வயிறு கேட்கிறது என்றால் 'லாக்யோ' என்று இறந்தகாலம்தான் வேண்டும். 'பசி எடுத்துருச்சு' என்று மனதில் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசினால் தானாகச் சரியாக வரும்.

ஒரு இடத்தில் மட்டும் 'பிடி' ஏமாற்றும். 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்பதற்கு லாக்னு வராது. அதற்கு 'மன் பர்யோ' என்று தனி வழக்கு. ஆனால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் மறுபடி லாக்னு வந்துவிடும்: 'மீட்டோ லாக்யோ?' நல்லா இருந்ததா? மீட்டோ என்பது நம்ம மிட்டாயை ஞாபகப்படுத்தினாலும் இனிப்பு என்று பொருளில்லை, ருசி. இனிப்புக்கு 'குலியோ'.

பாதையைப் பற்றிய சொற்கள் அதிகம் வேண்டியதில்லை. செங்குத்து ஏற்றம் 'டாடோ உக்காலோ'. 'உக்காலை உக்காலோ' என்று முதல் சொல்லின் கடைசியை ஐகாரமாக்கி இரட்டித்துச் சொன்னால் ஒரே ஏத்தம், ஏத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அர்த்தம். அதைக் கேட்டால் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். 'அஜை உக்காலோ ச?' இன்னும் ஏத்தம் இருக்கா? 'உக்காலோ கஹிலே சகின்ச?' ஏத்தம் எப்போ முடியும்? 'சகியோ', முடிஞ்சுது. இந்தக் கடைசிச் சொல்லை வழிகாட்டி தானாகச் சொல்லுகிற வரைக்கும் நம்பாதீர்கள்.

சமமான பாதைக்கு 'தெர்ஸோ' என்று சொல் இருக்கிறது. மலைச்சரிவில் குறுக்காக, ஏறாமல் இறங்காமல் போகிற பாதை. சொல் இருக்கிறதே தவிர பாதை அபூர்வம். அதனால்தான் வழிகாட்டிகள் 'நேபாளி ஃப்ளாட்' என்று ஒரு கேலிச் சொல்லை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். நேபாளி ஃப்ளாட் என்றால் 'அலி உக்காலோ, அலி ஒராலோ': கொஞ்சம் ஏத்தம், கொஞ்சம் இறக்கம். இன்றைக்குப் பாதை எப்படி என்று கேட்டு, சிரித்துக்கொண்டே 'ஃப்ளாட், ஃப்ளாட்' என்று பதில் வந்தால் முழங்காலுக்கு வேலை இருக்கிறது என்று பொருள்.

இது வெறும் வேடிக்கைப் பேச்சில்லை, இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எவரெஸ்ட் பாதையில் லுக்லா சுமார் 2,860 மீட்டர், நாம்சே பஜார் 3,440. வித்தியாசம் 580 மீட்டர்தானே, இரண்டு நாளில் ஏறினால் ஒன்றுமில்லை என்று சென்னையில் உட்கார்ந்து அட்டவணை பார்ப்பவர் நினைப்பார். ஆனால் முதல் நாள் லுக்லாவிலிருந்து இறங்கித்தான் பாக்டிங் போகிறோம், அது 2,610. மறுநாள் அங்கிருந்து நாம்சே என்றால் 830 மீட்டர். அந்த 830-க்குள்ளும் ஆற்றைத் தாண்டித் தாண்டிப் போகிற தொங்குபாலங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஒராலோ, பின்னால் ஒரு உக்காலோ. மொத்த ஏற்றம் எப்போதும் வரைபடம் காட்டுகிற வித்தியாசத்தைவிடக் கூடுதல். அன்னபூர்ணா அடிவார முகாமுக்குப் போகிற வழியில் சோம்ரோங் கிராமத்திலிருந்து ஓடைக்குக் கல்படியில் இறங்கி, எதிர்ச்சரிவில் சினுவாவுக்கு ஏற வேண்டும். போகும்போது சந்தோஷமாக இறங்கின அதே படிகள், திரும்பி வரும்போது அசந்த காலுக்கு உக்காலோ.

ஊர்ப் பெயரைப் படிக்கத் தெரிந்தால் இந்த ஏமாற்றத்தில் பாதி குறையும். மேட்டுப்பாளையம் என்ற பெயரைக் கேட்டதுமே இனி மலை ஆரம்பம் என்று நமக்குத் தெரிகிறதே, அப்படி. பெயரில் 'ஃபேதி' இருந்தால் அடிவாரம். பழனி அடிவாரம் என்கிறோமே, அதே. அங்கே தங்கினால் மறுநாள் காலை எழுந்ததும் ஏற்றம். அன்னபூர்ணா சுற்றுப்பாதையின் தோரோங் ஃபேதியிலிருந்து தோரோங் லா கணவாய்க்கு ஏற வேண்டும், கணவாய் 5,416 மீட்டர். 'பேசி' என்றால் பள்ளத்தாக்கின் அடி. 'டாண்டா' மலை முதுகு, 'பஞ்ஜ்யாங்' இரண்டு முகடுகளுக்கு நடுவில் இருக்கிற கணவாய். இரண்டுக்கும் முன்னால் ஏற்றம் நிச்சயம். 'கோலா' என்றால் ஓடை. குடிக்கிற கோலா இல்லை. பெயரில் கோலா வந்தால் முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். 'டார்' என்று முடிந்தால் ஆற்றங்கரையில் திட்டுத்திட்டாக இருக்கிற சமநிலம், அதிர்ஷ்டம்.

'தேவ்ராலி' என்ற பெயர் நேபாளத்தில் பல இடங்களில் வரும். ஏறி முடிகிற மேட்டில் பூவோ இலையோ கல்லோ வைத்துக் கும்பிட்டுப் போகிற இடம் அது. அதனால் நடை அட்டவணையில் தேவ்ராலி என்று பார்த்தால், எந்தத் தேவ்ராலி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோரேபானிக்கும் தாடாபானிக்கும் நடுவில் ஒன்று, அன்னபூர்ணா முகாம் வழியில் இன்னொன்று.

ஏற்றத்தின் நடுவில் 'சௌதாரி' என்று ஒன்று வரும். அரசும் ஆலும் நட்டு, சுற்றிக் கல்மேடை கட்டியிருப்பார்கள். மேடை பெரும்பாலும் இரண்டு தட்டு. மேல் தட்டில் சுமையை வைத்து, கீழ்த் தட்டில் ஆள் உட்காரலாம். குனியாமலே முதுகுச் சுமையை இறக்கவும், குனியாமலே தூக்கவும் அந்த உயரம். நம்ம பழைய சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லும் அரசமரத்து மேடையும் ஒன்றாகச் சேர்ந்தது மாதிரி. கட்டினவர்கள் சுமை தூக்கினவர்களைக் கேட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். நெற்றிப்பட்டையில் கூடையைத் தாங்கி வருகிற சுமையாட்கள் அங்கே வரும்போது இடம் விட்டு நகர்ந்துகொள்வது நாகரிகம். பட்டைக்குப் பெயர் 'நாம்லோ', கூடைக்கு 'டோக்கோ'.

எவ்வளவு தூரம் என்று கிலோமீட்டரில் கேட்காதீர்கள். பழைய தமிழில் கூப்பிடு தூரம் என்று சொன்னது போல மலையில் தூரம் நேரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது யாருடைய நேரம் என்பதில் சங்கதி உண்டு. அந்த ஊர்க்காரர் 'துயி கண்ட்டா' என்றால் அவர் காலுக்கு இரண்டு மணி. நம்ம காலுக்கு மூன்று, மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்னது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. இது கெட்டிக்கார நடைக்காரருக்கான கணக்கு. கடல் மட்டத்தில் வாழ்ந்து, பையும் தூக்கிக்கொண்டு, 3,000 மீட்டருக்கு மேல் நடக்கிறவர் மணிக்கு 300 மீட்டர் ஏற்றம் என்று போட்டுக்கொண்டால் இருட்டுவதற்குள் போய்ச்சேரலாம்.

வருகிற பதில்களில் இரண்டை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. 'நஜிக்கை ச', பக்கத்துலதான். 'அப புக்யோ', இதோ வந்தாச்சு. இரண்டும் நமக்குத் தெம்பு தருவதற்காகச் சொல்வது. கல்யாண மண்டபத்திலிருந்து போன் பண்ணினால் 'கத்திப்பாரா தாண்டிட்டேன்' என்று தாம்பரத்திலிருந்து சொல்கிற அதே இனம்.

ஏறுகிற முறைக்கு வருவோம். பிஸ்தாரை என்றால் மெதுவாக என்று எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு மெதுவாக என்பதுதான் தெரிவதில்லை. அளவுகோலாக ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்ளலாம்: 'கோரேபானி புக்ன கத்தி கண்ட்டா லாக்ச?' நடந்துகொண்டே இதை மூச்சு அறுபடாமல் முழுதாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நின்று இளைப்பாறிவிட்டு மறுபடி அதே வேகத்தில் போவதைவிட, நிற்காமல் போகிற அளவுக்கு வேகத்தைக் குறைப்பது மேல். அடியைச் சின்னதாக வையுங்கள். கல்படி உயரமாக இருந்தால் ஓரத்தில் அரைப்படியாக ஒரு கல் கிடக்கும், அதில் மிதித்து ஏறுங்கள். செங்குத்தான இடத்தில் பின்காலை நேராக நிமிர்த்தி, எடை முழுவதையும் எலும்பின் மேல் ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் முன்காலுக்கு மாற்றினால் தொடைச்சதைக்கு ஒவ்வொரு அடியிலும் சிறு ஓய்வு கிடைக்கும். கோவேறு கழுதைகளோ யாக்குகளோ மணியடித்துக்கொண்டு வந்தால் 'பித்தா திர' போய் நில்லுங்கள். பித்தா என்றால் சுவர், இங்கே மலைப்பக்கம். பள்ளத்துப் பக்கம் நின்றால் சுமை மூட்டை இடித்துத் தள்ளிவிடும்.

லாக்னுவோடு சேர்கிற சொற்களில் மிக முக்கியமானதைக் கடைசிக்கு வைக்கவில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'லேக் லாக்யோ'. லேக் என்றால் உயர்ந்த மலை, இங்கிலீஷ் ஏரி இல்லை. மலை பிடித்துவிட்டது என்று பேய் பிடித்த மாதிரிச் சொல்கிறார்கள். உயரத்தில் வருகிற நோய்க்கு அதுதான் பெயர். கூடவே வருவன: 'டாவ்கோ துக்யோ' தலை வலிக்குது, 'வாக்வாக்கி லாக்யோ' குமட்டுது, 'ரிங்கட்டா லாக்யோ' தலை சுத்துது. இவற்றை 'தக்காய் லாக்யோ' என்று அசதிக் கணக்கில் எழுதிவிடுவதுதான் ஆபத்து. அசதி உட்கார்ந்தால் குறையும். லேக் உட்கார்ந்தாலும் குறையாது.

கூட வந்தவர்களுக்காக வாயை மூடிக்கொண்டு நடப்பது நம்மவர்களிடம் அதிகம். விடுப்பு போட்டாச்சு, பணம் கட்டியாச்சு என்று. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றாமல் இருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்குவதும் மருத்துவர்கள் சொல்கிற பொது விதி. நாம்சேயில் ஒரு நாள் சும்மா நிறுத்துகிறார்களே என்று அலுத்துக்கொள்பவர்கள் மேலே சொன்ன அந்த 830 மீட்டரை நினைத்துப் பார்க்கலாம். தலைவலியும் குமட்டலும் இருந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ராத்திரியானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். அப்போது சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: 'லேக் லாக்யோ, தல ஜாவும்.' மலை பிடிச்சிருச்சு, கீழே போவோம். இந்த உயர நோய்க்கான மாத்திரை பற்றிச் சென்னையிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

சென்னையில் எங்கே பழகுவது? ஊர் தட்டை. மேடு எது பள்ளம் எது என்று நமக்குத் தெரிவதே நவம்பர் மழையில் தண்ணீர் நிற்கும்போதுதான். காலுக்குப் பரங்கிமலை உண்டு, சுமார் 300 அடி, அதாவது 90 மீட்டர். கோரேபானி வழியில் திக்கேடுங்காவிலிருந்து உல்லேரிக்கு ஏறுகிற பேர்போன கல்படிகள் கிட்டத்தட்ட 450 மீட்டர் உயரம். பரங்கிமலையை ஐந்து முறை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் பத்து மாடியை 15 முறை. இப்போது உல்லேரி வரை ஜீப் போகிறது என்பது வேறு விஷயம். ஏறிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள். ஒராலோவில் தொடைச்சதை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, மறுநாள் வலி அதில்தான் வரும். அதற்கும் பழக்கம் வேண்டும்.

வாய்க்குப் பழக்கம் தர ஹோட்டல் சமையல்கட்டிலும் காவல் வேலையிலும் மோமோ கடையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோரும் நேபாள நாட்டவர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டார்ஜிலிங், சிக்கிம்காரர்களுக்கும் நேபாளிதான் பேச்சு. 1992 முதல் அது நம் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கிற மொழி. வேறு வடகிழக்கு மாநிலத்தவராகவும் இருக்கலாம். முதலில் 'எந்த ஊரு' என்று கேட்க வேண்டும். அதற்கு நேபாளியில் 'தபாயிங்கோ கர் கஹாங்?', உங்க வீடு எங்கே? நம்மைப் போலவே, வேலை பார்க்கிற ஊரை விட்டுவிட்டுப் பிறந்த ஊரைத்தான் சொல்வார்கள். மலை மாவட்டமாக இருந்தால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள், 'உக்காலோ ச?' அதற்கப்புறம் நீங்கள் பேச வேண்டியிருக்காது.

கைபேசியில் நேபாளிச் செய்தி கேட்டாலும் இந்தத் தொடர் அடிக்கடி காதில் விழும். பங்குச் சந்தை ஏறினால் 'உக்காலோ லாக்யோ', தங்கம் விலை சரிந்தால் 'ஒராலோ லாக்யோ'. பழமொழியிலும் இருக்கிறது. இறக்கத்தைப் பிடித்த மானைக் கன்றுக்குட்டி கூடத் துரத்தும் என்பார்கள். மேட்டில் எட்ட முடியாத மான், சரிவில் ஓடத் தெரியாமல் தடுமாறும்போது நண்டு சிண்டெல்லாம் விரட்ட வந்துவிடும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் மோசம் என்று முழங்கால்காரர்கள் சொல்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒரே ஒரு சொல் பாக்கி. மேலே 'அப புக்யோ' என்று பார்த்தோமே, அந்த 'புக்யோ' வந்து சேர்ந்தது என்று பொருள்படும். அதே சொல்தான் 'போதும்' என்பதற்கும். சாயங்காலம் விடுதியில் தால் பாத் சாப்பிடும்போது சோறும் பருப்பும் காய்கறியும் கேட்காமலே மறுபடி மறுபடி வரும். விலை ஒரு தட்டுக்குத்தான், மறுசோறுக்குத் தனியாக வாங்குவதில்லை. நம்ம பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டி மறிப்பது போலத் தட்டுக்கு மேல் கையை வைத்து, 'புக்யோ, தீதி, புக்யோ' என்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் இன்னொரு கரண்டி விழும்.